இடுப்பு முறிவு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா மறுபடி விழாமல் இருக்க வீட்டில் என்ன பயிற்சி?

தெருமுனை

அம்மாவுக்கு வயது 76, எடை 58 கிலோ. இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, இடுப்பு மூட்டின் பந்து போன்ற தலையை மட்டும் மாற்றிய ஆபரேஷன் நடந்து நான்கு மாதம் ஆகிறது. எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது, முழு எடையும் ஊன்றலாம் என்று எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்குள் வாக்கர் வைத்து நடக்கிறார்.

டிஸ்சார்ஜ் தாளில் இருந்த பயிற்சிகளை இன்றுவரை விடாமல் செய்கிறார். படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலைக் கட்டிலோடு அழுத்துவது, குதிகாலைச் சறுக்கி முழங்காலை மடக்குவது. ஒவ்வொன்றும் 20 தடவை, காலையும் மாலையும்.

அப்படியிருந்தும் போன வாரம் இரவில் பாத்ரூம் வாசலில் திரும்பும்போது விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்த்தாகிவிட்டது. ஆனால் இப்போது நடக்கவே பயப்படுகிறார். பிரஷருக்கு ஒரு மாத்திரையும் தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும் எடுக்கிறார்.

இதே பயிற்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதுமா, வேறு பயிற்சிகள் வேண்டுமா? எவ்வளவு, எத்தனை நாள், எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று தெளிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பிசியோ மேகலை

எண்ணிக்கையைக் கூட்டிப் பிரயோஜனம் இல்லைங்க. அந்தத் தாள் ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில வாரத்துக்கானது. பாதத்தை ஆட்டுறது காலில் ரத்தம் கட்டாம இருக்க. முழங்காலை அழுத்துறது முன்தொடைத் தசை வேலையை மறந்துடாம இருக்க. நாலாவது மாசத்தில் அது போதவே போதாது. ஒருத்தர் விழுறது எழுந்திருக்கும்போது, திரும்பும்போது, ஒரு காலில் எடை மாறும்போது. அந்த நேரத்தில் உடம்பைத் தாங்குற பழக்கம் படுத்துக்கிட்டுச் செய்யுற எதிலும் வராது. நின்னுக்கிட்டு, லேசா தள்ளாட்டம் வர்ற அளவுக்குக் கடினமா, கைக்கெட்டுற தூரத்தில் பிடிமானத்தோட செய்யணும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு விஷயம் பாருங்க: மூட்டைப் பின்பக்கமா திறந்து செஞ்சாங்களா, பக்கவாட்டிலா, முன்பக்கமா? பின்பக்கம்னா இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, பாதத்தை உள்பக்கமா திருப்பக் கூடாதுன்னு சில வாரம் தடை போட்டிருப்பாங்க. பெரும்பாலும் மூணு மாசத்துக்குள்ள அதை எடுத்துடுவாங்க. எடுத்தாச்சான்னு ஆபரேஷன் செஞ்சவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. பந்து மாத்தாம ராடு, ஸ்குரூ போட்டவங்க இதைப் படிச்சா, எவ்வளவு எடை ஊன்றலாம்னு டாக்டர் சொன்ன பிறகுதான் கீழே உள்ளதைத் தொடணும்.

இடம்: முன்னால சமையல் மேடை மாதிரி அசையாத, இடுப்பு உயரப் பிடிமானம். பின்னால ஓர் அடி தள்ளி, சக்கரம் இல்லாத கனமான நாற்காலி. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுப் பயிற்சி வேண்டாம். காலைப் பக்கவாட்டில் தூக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ஞ்சா வாக்கரும் கூடவே சாயும். காலில் பின்பக்கம் மூடிய, கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ. வெறும் சாக்ஸ் கூடவே கூடாது.

முதல் பயிற்சி, உட்கார்ந்து எழுறது. இந்த ஒண்ணைச் சரியா செஞ்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கைப்பிடி உள்ள நாற்காலி, உட்காரும் இடம் தரையிலிருந்து 45 முதல் 48 சென்டிமீட்டர். எழ முடியலேன்னா கெட்டியான குஷன் போட்டு 5 சென்டிமீட்டர் உயர்த்துங்க. மெத்து மெத்துன்னு அமுங்குற தலையணை வேண்டாம். முதல்ல நாற்காலியின் முன் ஓரத்துக்கு நகரணும், ரெண்டு பாதமும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால இருக்கணும், மூக்கு கால் விரலுக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னால சாயணும், அப்புறம்தான் எழணும். பலர் சாயாம நேரா எழப் பார்ப்பாங்க. எடை பின்னாலயே நிக்கும், பொத்துன்னு உட்கார்ந்துடுவாங்க. உட்காரும்போது நாலு எண்ணுற வரைக்கும் மெதுவா இறங்கணும். அந்த இறக்கம்தான் முன்தொடைக்கும் புட்டத்துக்கும் நிஜமான பயிற்சி.

இதில் ஒளிஞ்சிருக்கிற சிக்கல் ஒண்ணு இருக்கு. இடுப்பு முறிஞ்சவங்க வலி போன பிறகும் எடையை நல்ல காலுக்கே தள்ளுவாங்க. பார்த்தா நேரா எழுற மாதிரிதான் இருக்கும். ஒரே மாதிரியான ரெண்டு எடை மெஷினைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒவ்வொரு பாதத்தையும் ஒவ்வொண்ணில் வெச்சு, மேடையை லேசா தொட்டபடி நிக்கச் சொல்லிப் பாருங்க. ரெண்டு எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு எழுதி வெச்சுக்கோங்க.

ரெண்டாவது, காலைப் பக்கவாட்டில் தூக்குறது. இடுப்பின் வெளிப்பக்கத் தசை பலவீனமானா, இடது காலில் நிக்கும்போது வலப்பக்க இடுப்பு கீழே தொங்கும், இல்லேன்னா உடம்பு இடப்பக்கம் சாயும். அம்மா நடக்கும்போது பின்னாலிருந்து பாருங்க, தெரியும். ரெண்டு கையாலும் மேடையைப் பிடிச்சு, கால் விரல் நேரா முன்னால பார்க்க, காலை 15–20 சென்டிமீட்டர் வெளியே கொண்டுபோய், ரெண்டு எண்ணி, மெதுவா திரும்பக் கொண்டுவரணும். கால் விரல் வெளிப்பக்கம் திரும்பினா வேலை முன்பக்கத் தசைக்குப் போயிடும். உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ஞ்சா இடுப்பு வேலையே செய்யலை, முதுகுதான் செய்யுதுன்னு அர்த்தம். ஆபரேஷன் செஞ்ச காலைத் தூக்குறது மட்டும்தான் அதுக்குப் பயிற்சின்னு நினைச்சுடாதீங்க. நல்ல காலைத் தூக்கும்போது மொத்த உடம்பையும் தாங்கி நிக்கிறது ஆபரேஷன் செஞ்ச இடுப்புதான். அதுதான் ரெண்டிலும் கடினமானது, அதனால ரெண்டு பக்கமும் செய்யணும்.

அடுத்து, மேடையைப் பிடிச்சுக் குதிகாலை உயர்த்துறது, அப்புறம் விரல்களை உயர்த்திக் குதிகாலில் நிக்கிறது. ரெண்டாவதில் உடம்பு பின்னால சரியும், புட்டத்தையும் பின்னால தள்ளுவாங்க. அதுக்குத்தான் அந்த நாற்காலி. முழங்காலைப் பின்பக்கமா மடக்குறது, நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டுறது, இதையும் சேர்த்துக்கோங்க.

அளவு: ஒவ்வொண்ணும் 8–10 தடவை, ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஓய்வு, மறுபடி 8–10. பத்தாவது முடியும்போது "இன்னும் ரெண்டு முடியும், அஞ்சு முடியாது"ன்னு தோணணும். பேசிக்கிட்டே இருபது செய்ய முடிஞ்சா அது போதாத பாரம். அப்போ கணுக்காலில் கட்டுற எடைப்பட்டை அரைக் கிலோவில் ஆரம்பிச்சு, ரெண்டு சுற்றும் பத்து பத்து சுத்தமா வந்ததும் இன்னொரு அரைக் கிலோ. பலப் பயிற்சி வாரம் மூணு நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி விட்டு.

பேலன்ஸ் பயிற்சி தினமும் செய்யலாம், ரெண்டு மூணு தடவையா பிரிச்சு 10–15 நிமிஷம். பாதங்களைச் சேர்த்து வெச்சு நிக்கிறதில் ஆரம்பிங்க. அது 30 வினாடி வந்தா, ஒரு பாதத்தின் குதிகால் இன்னொரு பாதத்தின் பெருவிரலுக்குப் பக்கத்தில் வர்ற மாதிரி. பிறகு ஒரே கோட்டில் ஒண்ணுக்கு முன்னால ஒண்ணு. கடைசியா ஒற்றைக் கால். பிடிமானத்துக்கும் இதே மாதிரி படி இருக்கு: ரெண்டு கை, ஒரு கை, ரெண்டு விரல், அப்புறம் மேடைக்கு மேல ஓர் அங்குலத்தில் கையைச் சும்மா வெச்சிருக்கிறது. ஒரு நேரத்தில் ஒண்ணைத்தான் மாத்தணும். பாத நிலையைக் கடினமாக்குற அன்னைக்குக் கை ரெண்டும் திரும்ப மேடைக்கு வரணும். ரெண்டையும் ஒரே நாளில் மாத்துறதுதான் வீட்டில் நடக்கிற பெரிய தப்பு. பயந்துபோய் அப்புறம் அந்தப் பயிற்சியே வேண்டாம்னுடுவாங்க.

அம்மா விழுந்தது திரும்பும்போதுன்னு எழுதியிருக்கீங்க. அதைத் தனியா பழக்கணும். ஊன்றின பாதத்தின் மேலயே உடம்பைச் சுழற்றுறாங்களான்னு பாருங்க. அப்படிச் செஞ்சா கால்கள் பின்னிக்கும், ஆபரேஷன் செஞ்ச மூட்டும் முறுக்கப்படும். மேடைப் பக்கத்தில் நின்னு, கடிகார முள் நகர்ற மாதிரி சின்னச் சின்ன அடியா எடுத்து வெச்சு, பாதி வட்டத்தை நாலு அடியில் முடிக்கணும். இடப்பக்கம் அஞ்சு, வலப்பக்கம் அஞ்சு. ஒவ்வொரு அடியிலும் பாதம் தரையை விட்டு எழணும், தேய்க்கக் கூடாது. கூடவே மேடை ஓரமா பக்கவாட்டு நடை, 10 அடி போய் 10 அடி வந்து, நாலு தடவை. இது நல்லா வந்தபிறகு பின்னோக்கி நடை, அதே கணக்கு.

வலி: 0 முதல் 10 வரைக்கும் போட்டா 3, 4 வரை பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வரணும். வரலேன்னா எண்ணிக்கையைப் பாதியாக்குங்க, பயிற்சியை நிறுத்தாதீங்க. ஆனா கவட்டையில் புதுசா குத்துற வலி, காலை ஊன்றின உடனே தொடையில் வலி, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகுறது, தழும்பில் கசிவு, காய்ச்சல், இதில் எது வந்தாலும் அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்னா நேரா அவசர சிகிச்சைக்குத்தான்.

---

முதியோர் மருத்துவம்

பிசியோ சொன்னதற்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் ஒன்று உண்டு. ஐந்து பலப் பயிற்சிகள், பன்னிரண்டு சமநிலைப் பயிற்சிகள், அவற்றோடு நடை. வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம். மேலே உள்ளவற்றில் பெரும்பகுதி அதிலிருந்து வந்ததுதான். ஏற்கெனவே விழுந்து சிகிச்சைக்கு வந்த, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 344 பேரிடம் கனடாவில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், இதைச் செய்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 1.4 முறை விழுந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 2.1 முறை. அவர்கள் எல்லோருக்கும் இடுப்பு முறியவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முறிந்தவர்களுக்கு ஆரம்ப நிலை இன்னும் தாழ்வாக இருக்கும், முன்னேற்றமும் மெதுவாக வரும். மற்றபடி வழி இதுவே.

நடை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். "தினமும் கொஞ்சம் நடங்க" என்பதுதான் பலருக்குக் கிடைக்கும் ஒரே அறிவுரை. தள்ளாட்டம் உள்ளவரை வேகமாக நடக்கச் சொன்னால் விழும் வாய்ப்புதான் கூடுகிறது. முதலில் சமநிலை, பிறகு நடையின் தூரம்.

ஆனால் உங்கள் அம்மா விழுந்தது இரவில், தூக்க மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எடுக்கும் நிலையில். பயிற்சியை மட்டும் பார்த்து இதை விட்டுவிட முடியாது. வீட்டில் பிரஷர் கருவி இருந்தால், ஐந்து நிமிடம் படுத்திருந்த பிறகு ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை அளந்து எழுதுங்கள். மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ அதற்கு மேலோ குறைந்தால், எழும்போது மூளைக்கு ரத்தம் போதாமல் போகிறது என்று பொருள். காலையில் எழுந்தவுடன் ஒரு நாளும், இரவு படுக்கும் முன் ஒரு நாளும் பாருங்கள். அளக்கும்போது அவர் பக்கத்திலேயே நில்லுங்கள், தலை சுற்றினால் உடனே உட்கார வையுங்கள். அந்தத் தாளோடு மருத்துவரிடம் போனால் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

தூக்க மாத்திரை விழுவதற்கான தெரிந்த காரணம். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பல நாள் எடுத்தவருக்குத் தூக்கம் அடியோடு கெட்டு, நடுக்கமும் குழப்பமும் வரலாம். படிப்படியாகக் குறைக்க மருத்துவரிடம் அட்டவணை கேளுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் தூக்கம் தரும் மாத்திரைகளும் இதே கணக்குதான்.

எலும்புக்கு மருந்து தொடங்கியாகிவிட்டதா? நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தாலே எலும்பு வலுவிழந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இடுப்பு முறிவு அறுவைக்குப் பின் 90 நாட்களுக்குள் தொடங்கி ஆண்டுக்கு ஒரு முறை சோலெட்ரோனிக் அமிலம் ஊசியாக ஏற்றிய ஆய்வு 2007-ல் வெளியானது. புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன. உங்கள் அம்மாவுக்கு அந்த 90 நாள் கடந்திருந்தாலும் மருந்து தொடங்கத் தடை இல்லை. சிறுநீரகச் செயல்பாடு, ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி பார்த்துவிட்டுப் போடுவார்கள். இது கேட்காமலே கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள். எலும்பு டாக்டர் பொது மருத்துவர் பார்ப்பார் என்றும், பொது மருத்துவர் எலும்பு டாக்டர் பார்ப்பார் என்றும் விட்டுவிடுவது எங்கும் நடக்கிறது. வைட்டமின் டி-யை ஒரேயடியாகப் பெரிய அளவில் கொடுப்பது விழுவதைக் குறைப்பதில்லை, கூட்டியும் இருக்கிறது. சொன்ன அளவை ஒழுங்காக எடுத்தால் போதும்.

புரதம் போதாமல் பயிற்சி செய்தால் தசை ஏறாது. சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 58 கிலோவுக்கு நாளொன்றுக்கு 70 முதல் 87 கிராம், அதையும் மூன்று வேளையாகப் பிரித்து.

கண்ணாடி மேல்பாதி தூரத்துக்கும் கீழ்பாதி படிப்பதற்குமானதா? அப்படியானால் கீழே பார்க்கும்போது தரையும் படி விளிம்பும் மங்கும். வெளியே நடக்கவும் படி ஏறவும் தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி நல்லது.

---

கைப்பிடி

ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைப் பாதுகாப்பாகச் செய்யப் பழக்கும் சிகிச்சை) பக்கத்திலிருந்து சில விஷயங்கள். பாத்ரூம் வாசலில் விழுந்தார் என்றதும் முதலில் கேட்கத் தோன்றியது: வாக்கர் அந்த வாசலுக்குள் நுழைகிறதா? வாக்கரின் இரண்டு பின்கால்களுக்கு இடையே உள்ள அகலத்தையும் கதவு திறந்த நிலையில் வாசலின் அகலத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். நுழையவில்லை என்றால் என்ன நடக்கும் தெரியுமா? வாக்கரை வெளியே விட்டுவிட்டு, கதவுக் கைப்பிடியைப் பிடித்து, உடம்பைத் திருப்பி, கடைசி இரண்டு அடியை எந்தப் பிடிமானமும் இல்லாமல் வைப்பார்கள். கதவு அசையக்கூடியது, பிடித்தவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். டவல் கம்பியும் ஆள் எடையைத் தாங்காது.

வாசலின் உள்பக்கம் ஒன்று, கமோடுக்குப் பக்கத்தில் ஒன்று என்று சுவரில் ஸ்குரூ அடித்துப் பொருத்திய கம்பிகள் வேண்டும். காற்றை வெளியேற்றி ஒட்டவைக்கும் ரப்பர் வகைக் கைப்பிடிகளை நம்பாதீர்கள். அவை முன்னறிவிப்பு இல்லாமல் கழன்றுவிடும். கமோடு தாழ்வாக இருந்தால் உயரம் கூட்டும் இருக்கையைப் பூட்டிப் பொருத்துங்கள். வாசலில் நிலைப்படி மேடு இருந்தால் அதன் விளிம்பில் தரையிலிருந்து வேறுபட்ட நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். ஓரம் மடங்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள்.

இரவு எழும் முறையையும் பழக்குங்கள். கட்டில் உயரம், ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்து, முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி இருக்கட்டும். எழுந்ததும் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார வேண்டும். அவர் நன்றாகக் கற்றுவைத்திருக்கும் பாதம் ஆட்டும் பயிற்சி இங்கேதான் உண்மையில் உதவும். 20 தடவை செய்தால் காலில் தேங்கிய ரத்தம் மேலேறும். பிறகு கட்டிலைக் கையால் ஊன்றி எழுந்து, வாக்கரைப் பிடித்து நின்று, பத்து எண்ணி, அதன் பிறகே முதல் அடி. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தாழ்வான இடத்தில் இரவு முழுக்க எரியும் விளக்கு, அல்லது ஆள் அசைந்தால் எரியும் விளக்கு. சுவிட்ச் தேடிக் கையை நீட்டும் அந்த நொடியில் ஒரு கை வாக்கரை விட்டு எடுபடுகிறது.

பயிற்சியின்போது நீங்கள் நிற்க வேண்டிய இடம் இடப்பக்கம், அரை அடி பின்னால். ஒரு கை அவர் இடுப்புக்குப் பின்னால் தயாராக இருக்கட்டும். இடுப்பில் அகலமான துணிப் பட்டை கட்டிக்கொண்டால் அதைப் பிடிக்கலாம். சாயும்போது கையையோ அக்குளையோ பிடித்து இழுத்தால் தோள்பட்டை நழுவும்.

மறுபடி விழுந்தால் உடனே தூக்காதீர்கள். கவட்டையில் வலி இருந்தால், கால் குட்டையாகவோ பாதம் வெளிப்பக்கம் சரிந்தோ தெரிந்தால், தலையில் அடி பட்டிருந்தால் அப்படியே போர்த்திவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, மண்டியிட்டு, முன்னால் வைத்த நாற்காலியைப் பிடித்து, நல்ல காலான வலது பாதத்தை முதலில் தரையில் பதித்து எழ வேண்டும். இதை முதல் முறை பிசியோ பக்கத்தில் இருக்கும்போது பழகட்டும்.

---

தெருமுனை

மூவருக்கும் மிக்க நன்றி. வாசலை அளந்தேன், வாக்கர் நேராக நுழையாது, பக்கவாட்டில் திருப்பித்தான் கொண்டுபோகிறார். கம்பி போட ஆள் சொல்லிவிட்டேன். மருந்துகளுக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

எடை மெஷினில் வலது கால் 38, இடது கால் 20. கையை ஊன்றாமல் 30 வினாடியில் ஐந்து முறைதான் நாற்காலியிலிருந்து எழ முடிகிறது. மேகலை மேடம், அம்மா மேடையைப் பிடிக்க மறுக்கிறார், என் கையைத்தான் பிடிப்பேன் என்கிறார். அப்படியே செய்யலாமா? இன்னொன்று, வாக்கரிலிருந்து ஸ்டிக்குக்கு எப்போது மாறலாம்?

---

பிசியோ மேகலை

38-க்கு 20 அதிக வித்தியாசம்தான், ஆனா சரி பண்ணக்கூடியது. முதல் ரெண்டு வாரம் மெஷின் மேல நின்னு, இடது எண்ணை 25-க்குக் கொண்டுவந்து பத்து வினாடி வெச்சிருக்கச் சொல்லுங்க. எண்ணை நீங்க வாசிச்சுச் சொல்லுங்க, அம்மா குனிஞ்சு பார்க்க வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. உட்கார்ந்து எழும்போது இடது பாதத்தை வலதைவிட 5 சென்டிமீட்டர் பின்னால வெச்சுக்கோங்க. பின்னால இருக்கிற கால்தான் அதிக எடை எடுக்கும், தப்பிக்க முடியாது. இடது மூட்டில் வலி 4-ஐத் தாண்டினா பாதங்களைச் சமமாக்கிடுங்க.

அவங்க வயசில் பெண்களுக்கு 30 வினாடியில் பத்துக்குக் கீழே இருந்தா விழுற ஆபத்து அதிகம்னு கணக்கு. அஞ்சுன்னா கைப்பிடியை லேசா ஊன்றியே பயிற்சியைத் தொடங்கலாம், தப்பில்லை. ஒரு வாரம் ரெண்டு கை, அடுத்து ஒரு கை, அப்புறம் நெஞ்சுக்குக் குறுக்கே கை. நாலு வாரத்துக்கு ஒரு தடவை அதே நாற்காலி, அதே நேரத்தில் எண்ணிப் பாருங்க. கூடவே நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடின்னும் பாருங்க. 12 வினாடியோ அதுக்கு மேலயோ ஆனா ஆபத்து இருக்குன்னு அர்த்தம். வாக்கரோட இப்போ அதைவிட நிறையவே ஆகும், அதைப் பார்த்துச் சோர்ந்துட வேண்டாம். ஒவ்வொரு மாசமும் குறையுதான்னு மட்டும் பாருங்க.

கையைப் பிடிச்சுக்கிட்டுச் செய்யுறது வேண்டாம்னுதான் சொல்வேன். உங்க கை அவங்களோட சேர்ந்து அசையும். அவங்க சாய்ஞ்சா நீங்க இழுப்பீங்க. தன் உடம்பு எங்கே சாயுதுன்னு பாதம் மூலமா உணர்ந்து திருத்துற வேலையை அவங்க செய்யவே மாட்டாங்க. அதனால பயத்துக்கு மதிப்புக் கொடுத்து, நிலையைத் தாழ்த்துங்க. பாதங்களை அகலமா வெச்சு, ரெண்டு கையும் மேடையில், நாற்காலி பின்னால் தொடுற மாதிரி, பத்து வினாடி. அது சுலபம்னு அவங்க வாயிலிருந்தே வந்த பிறகு அடுத்தது. அவங்களே சத்தமா எண்ணட்டும், மூச்சை அடக்க மாட்டாங்க. நீங்க "பாத்து, பாத்து"ன்னு சொல்லாதீங்க. அதைக் கேட்டா உடம்பு விறைச்சுக்கும், அடி சின்னதாகும், தள்ளாட்டம் கூடும். அதுக்குப் பதிலா "காலைத் தூக்கி வைங்கம்மா"ன்னு செய்ய வேண்டியதைச் சொல்லுங்க. தூக்க மாத்திரை போட்ட பிறகும், எழுந்த உடனேயும் பயிற்சி வேண்டாம். காலையில் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு செய்யலாம்.

ஸ்டிக்குக்கு நாள் கணக்கு கிடையாது. மேடையில் ஒரு கை மட்டும் வெச்சு, பாதங்களை ஒரே கோட்டில் வெச்சு 10 வினாடி நிக்கணும். இடது காலில் நிக்கும்போது வலப்பக்க இடுப்பு தொங்கக் கூடாது. பக்கவாட்டு நடை மேடையில் ரெண்டு விரல் மட்டும் வெச்சு வரணும். வாக்கரில் நடக்கும்போது கையால அழுத்தாம, சும்மா தொட்டபடி போகணும். இது நாலும் வந்தா பகலில், வீட்டுக்குள்ள, நீங்க பக்கத்தில் இருக்கும்போது ஸ்டிக். இரவில் இன்னும் சில வாரம் வாக்கரே இருக்கட்டும்.

ஸ்டிக் வலது கையில். இடது காலும் ஸ்டிக்கும் ஒண்ணா முன்னால போகணும். கெட்ட கால் பக்கமே பிடிச்சா உடம்பு அந்தப் பக்கம் சாய்ஞ்சு பலவீனமான இடுப்புக்குப் பாரம் கூடும். ஷூ போட்டு நேரா நின்னு கையைத் தொங்கவிட்டா, கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரா வரணும். பிடிச்சா முழங்கை லேசா மடங்கியிருக்கணும். வாக்கர் உயரமும் இதே மாதிரிதான், இப்பவே ஒரு தடவை சரிபாருங்க. படி ஏறும்போது வலது கால் முதல்ல, இறங்கும்போது ஸ்டிக்கும் இடது காலும் முதல்ல. கைப்பிடிக் கம்பியை விடவே கூடாது. ரெண்டு மாசம் போல ஆனதும் 10 சென்டிமீட்டர் உயரப் பலகையில் இடது காலை வெச்சு ஏறி இறங்குற பயிற்சி சேர்க்கலாம். அது மேடை பக்கத்தில் மட்டும், பலத்துக்காகச் செய்யுறது. நிஜப் படியில் அதே மாதிரி இடது காலை முதல்ல வெச்சு ஏறக் கூடாதுன்னு அவங்ககிட்ட தனியா சொல்லிடுங்க, குழப்பிக்கிறவங்க நிறைய.

குறைஞ்சது ஒரு வருஷம்னு மனசில் வெச்சுத் தொடங்குங்க. நிறுத்தினா சில வாரத்திலேயே பலம் இறங்க ஆரம்பிச்சுடும். வாரத்துக்கு மொத்தம் மூணு மணி நேரம் வர்றது இலக்கு, ஆனா முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிஷம் வந்தாலே போதும். நடுவில் காய்ச்சல், வயித்துப்போக்குன்னு ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னா, விட்ட இடத்தில் தொடங்காம ஒரு படி கீழே இறங்கி, எடைப்பட்டை இல்லாம ரெண்டு கையும் மேடையில் வெச்சு மறுபடி ஆரம்பிக்கணும்.